நான்காம் குழுவின் உடல்நலப் பொறுப்பாளர்

ஜப்பானில் பள்ளிப் படிப்பை முடித்த யாரைக் கேட்டாலும் ஒரு பயணத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்வார்கள். ஷூகாகு ரியோகோ என்று அதற்குப் பெயர். தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் ஒன்று, நடுநிலைப் பள்ளியில் ஒன்று, மேல்நிலைப் பள்ளியில் ஒன்று என்று பெரும்பாலும் மூன்று முறை அமையும். மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டில், அதாவது நம் ப்ளஸ் ஒன் வயதில், மூன்று நான்கு இரவுகள் வெளியூரில் தங்கும் பயணம். டோக்கியோ பக்கத்துப் பிள்ளைகள் கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா என்று மேற்கே போவார்கள். மேற்கே இருப்பவர்கள் டோக்கியோவுக்கும் டிஸ்னிலேண்டுக்கும் வருவார்கள். ஒக்கினாவாவுக்கோ ஹொக்கைடோவுக்கோ விமானத்தில் போகும் பள்ளிகளும் உண்டு. நான் தங்கியிருந்த வீட்டின் ஒகாசானுக்கு, அதாவது ஜப்பானிய அம்மாவுக்கு, வயது ஐம்பதுக்கு மேல். அந்தக் காலத்தில் எந்தெந்தக் கோயில் பார்த்தார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆனால் இரவில் எந்த அறையில் யாருக்குப் பக்கத்தில் படுத்தார், எவள் எவனைப் பற்றிப் பேசினாள் என்பதெல்லாம் வரிசையாக வருகிறது.

நான் போனது 2023 நவம்பரில். அதே ஆண்டு ஆகஸ்டில், ஆசிய நாட்டுப் பள்ளி மாணவர்களை ஜப்பானியப் பள்ளிகளில் சேர்க்கும் ஒரு பரிமாற்றத் திட்டத்தில் திருச்சியிலிருந்து சைத்தாமாவுக்கு வந்திருந்தேன். டோக்கியோவுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் மாகாணம். அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு படித்தேன். படித்தேன் என்பது கொஞ்சம் மிகை. பழைய ஜப்பானிய இலக்கிய வகுப்பில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன், கணக்கு வகுப்பில்தான் உயிர் வரும்.

வகுப்பில் எல்லோரும் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். சிக்கலே அதுதான். அங்கே வகுப்பறையை மாணவர்களே பெருக்கித் துடைப்பார்கள். நான் துடைப்பத்தை எடுத்தால் யாராவது ஓடி வந்து சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவார்கள். கலைவிழாவில் என்னைப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கச் சொன்னார்கள், வேலை எதுவும் தரவில்லை. விருந்தாளியை யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவளிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். அக்டோபர் வரை நான் அப்படித்தான் இருந்தேன்.

அப்புறம் ஷியோரி வந்தது.

ஷியோரி என்பது பயணத்துக்காகவே பள்ளி அச்சடிக்கும் கையேடு. அட்டைப் படத்தை மாணவர்களே போட்டி வைத்து வரைந்திருந்தார்கள். உள்ளே எல்லாமே இருந்தது: எத்தனை மணிக்கு எந்த நடைமேடையில் எத்தனையாவது பெட்டி, அதில் யாருக்கு எந்த இருக்கை, விடுதி அறையின் வரைபடம், தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டு, எந்த வகுப்புக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை குளியல், கைச்செலவுக்கு எவ்வளவு வரை கொண்டுவரலாம். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நிற்க வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. ஒவ்வொரு நாள் முடிவிலும் அன்றைய எண்ணங்களை எழுதக் கோடு போட்ட வெற்றுப் பக்கம் வேறு.

இதற்கான வேலைகள் வசந்த காலத்திலேயே தொடங்கிவிட்டன. பணமோ அதற்கும் முன்னால், முதலாண்டிலிருந்தே பெற்றோர் கணக்கிலிருந்து மாதாமாதம் கழிந்துகொண்டிருந்தது. திருச்சியில் டூர் என்றால் சுற்றறிக்கையில் அப்பாவின் கையெழுத்து, பணம், அவ்வளவுதான். மிச்சத்தை சார் பார்த்துக்கொள்வார். கொடைக்கானல் டூர் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் நான் செய்த ஒரே வேலை ஜன்னலோரச் சீட்டுக்குச் சண்டை போட்டது. இங்கே கியோட்டோவில் எந்தக் கோயிலுக்குப் போவது, எந்த வரிசையில் போவது, எங்கே மதியச் சாப்பாடு என்பதை ஒவ்வொரு குழுவும் தானே முடிவு செய்து, நேரக்கணக்கோடு ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவின் முதல் திட்டம் திரும்பி வந்துவிட்டது. இரண்டு கோயில்களுக்கு நடுவே பத்து நிமிடம் போட்டிருந்தோம், கியோட்டோவின் நவம்பர் நெரிசலில் அது நடக்காது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

குழுவில் எல்லோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தலைவர், துணைத் தலைவர், படம் எடுப்பவர், சாப்பாட்டைக் கவனிப்பவர், உடல்நலம் பார்ப்பவர். ஷியோரியின் நான்காம் குழுப் பக்கத்தைத் திறந்தால் உடல்நலம் என்பதற்கு நேரே, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகனா எழுத்தில், என் பெயர். யாரும் இந்த முறை துடைப்பத்தைப் பிடுங்கவில்லை. குழுத்தலைவி, கைப்பந்து ஆடும் நெட்டைப் பெண், வந்து சொன்னது இவ்வளவுதான்: "தினமும் காலையில் எல்லோருடைய காய்ச்சலையும் பார்த்துக் குறித்து ஹோகென் சென்செய்யிடம் கொடுக்கணும். மறந்துடாதே."

ஹோகென் சென்செய் என்றால் பள்ளியின் மருத்துவ அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை. அநேகமாக ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் இருப்பார், பயணத்திலும் மருந்துப் பெட்டியோடு கூடவே வருவார். கோவிட் காலத்துக்குப் பிறகு அவருடைய காகிதங்கள் இன்னும் பெருகிவிட்டன. எனக்கு ஓர் அட்டை கொடுத்தார். கட்டம் கட்டமாக: உடல் வெப்பம், எத்தனை மணி நேரத் தூக்கம், காலைச் சாப்பாடு, தலைவலி, வயிறு. குழுவில் ஆறு பெயர்கள் இருந்தன. கிளம்புவது ஐந்து பேர்.

ஆறாவது பெயர் வசந்த காலத்துக்குப் பிறகு பள்ளிக்கே வராத ஒரு பெண்ணுடையது. பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் ஜப்பானில் நிறைய. அதற்கென்று ஒரு சொல்லும், அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கும் உண்டு. நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் ரயிலில் அவளுக்கு இருக்கை எண் இருந்தது, விடுதி அறையில் அவளுக்கு இடம் இருந்தது, என் அட்டையில் அவளுக்கு ஒரு வரி இருந்தது. அந்த வரியை என்ன செய்வது என்று கேட்டேன். "சாய்கோடு போட்டுவிடு. ஆனால் பெயரை அழிக்காதே" என்றார் சென்செய்.

பெரிய பைகளை லாரி முன்னதாகவே கொண்டுபோய்விட்டது. டோக்கியோ ரயில் நிலையத்தில் சீருடையும் சிறு பையுமாக வகுப்புவாரியாகத் தரையில் உட்கார்ந்தோம். இந்த ஒழுங்கைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் இடைநிலையங்களில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் ஒரு பள்ளியே இறங்கியாக வேண்டும். ஹிரோஷிமா வர இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே பெட்டி முழுக்க எழுந்து, பையை மாட்டி, நடைபாதையில் வரிசை கட்டி நின்றுவிட்டது. ஒரு பேச்சில்லை. ரயில் நின்றதும் மளமளவென்று இறங்கி நடைமேடையிலேயே மறுபடி உட்கார்ந்து எண்ணிக்கை கொடுத்தோம்.

இந்தப் படை நடைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முதல் ஷூகாகு ரியோகோ என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1886-இல் டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபா பக்கம் போன 11 நாள் பயணம். அது உண்மையிலேயே படைப்பயிற்சி மாதிரிதான், துப்பாக்கி சுமந்துகொண்டு நடந்தே போனார்கள். போகப்போக அதில் படைப்பயிற்சி குறைந்து, ஊர் பார்ப்பதும் பாடமும் கூடின. போர்க் காலத்தில் நின்றுபோய், போர் முடிந்ததும் மறுபடி தொடங்கியது. 1955 மே மாதம் மூடுபனியில் ஷியுன் மாரு என்ற ரயில்வே படகு இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. இறந்த 168 பேரில் 100 பேர் இப்படிப் பயணம் போய்க்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள். ஜப்பானியப் பள்ளிகளில் நீச்சல் குளமும் நீச்சல் பாடமும் பரவியதற்கு அந்த விபத்தை ஒரு காரணமாகச் சொல்வார்கள். அந்தக் கடலுக்குக் குறுக்கே பாலம் வேண்டும் என்ற பழைய கோரிக்கைக்கும் அந்த விபத்துதான் வேகம் கொடுத்தது, செத்தோ பெரும்பாலம் 1988-இல் திறந்தது. 1959-இல் பள்ளிப் பயணத்துக்கென்றே தனி ரயில்கள் ஓடத் தொடங்கின, ஹினோதே என்றும் கிபோ என்றும் பெயர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தலைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவதைப் பார்த்து எனக்கு அலுப்பு வரவில்லை.

ஹிரோஷிமாவுக்கு நாங்கள் ஆயிரம் காகிதக் கொக்குகளோடு போயிருந்தோம். வகுப்பில் ஆளுக்கு 25. முதல் சிலவற்றுக்குக் கழுத்து கோணலாக வந்தது, ஒகாசான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நகத்தால் மடிப்பை அழுத்தச் சொல்லிக்கொடுத்தார். வராத பெண்ணின் வீட்டுக்கும் குழுத்தலைவி 25 தாள்களைக் கொடுத்தனுப்பினாள். யாரும் அவள் மடிப்பாள் என்று நினைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளுடைய அம்மா ஒரு கடைப் பையில் கொண்டுவந்து கொடுத்தார். வகுப்பிலேயே கூர்மையான அலகுகள் அந்த 25-க்குத்தான்.

அந்தக் கொக்குகளை வைக்கும் இடம் அமைதிப் பூங்காவில் உள்ள சிறுவர் நினைவுச் சின்னம். சடாகோ சசாகியின் கதையை நம் பாடப் புத்தகங்களிலும் சிறுவர் இதழ்களிலும் பலர் படித்திருப்பீர்கள். குண்டு விழுந்தபோது அவளுக்கு வயது 2. நன்றாக ஓடக்கூடிய பெண்ணாக வளர்ந்து, ரத்தப் புற்றுநோய் வந்து, 1955 அக்டோபரில் 12 வயதில் இறந்தாள். மருத்துவமனைப் படுக்கையில் கொக்கு மடித்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நான் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். அவளுடைய வகுப்புத் தோழர்கள்தான் அந்த நினைவுச் சின்னத்துக்காக இயக்கம் நடத்தினார்கள். நாடெங்கும் உள்ள பள்ளிகளுக்கு எழுதி, பணம் திரட்டி, 1958 மே 5-இல் அதைத் திறக்கவைத்தார்கள். ஒரு வகுப்பு கட்டிய சின்னம் அது. இன்று அங்கே ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி கொக்குகள் வந்து சேர்கின்றன என்று ஹிரோஷிமா நகராட்சி சொல்கிறது, எடை சுமார் 10 டன். நாங்கள் எங்கள் சரத்தை மாட்டப் போனபோது எங்களுக்கு முன்னால் ஒரு தொடக்கப் பள்ளி, பின்னால் இன்னும் மூன்று பள்ளிகள். வகுப்புத் தலைவன் உறுதிமொழி படித்தான். குரல் நடுங்கியது, பாதியில் ஒரு வரியை விட்டுவிட்டான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அருங்காட்சியகத்தில் ஒரு கருகிய சாப்பாட்டு டப்பா இருக்கிறது. உள்ளே இருந்த சோறு கரிக்கட்டியாகத் தெரியும். நடுநிலைப் பள்ளி முதலாண்டுப் பையன் ஒருவனுடையது, அம்மா அந்த டப்பாவை வைத்துத்தான் மகனின் உடலை அடையாளம் கண்டார். 1945 கோடையில், குண்டுவீச்சில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வெட்டவெளி உண்டாக்கும் வேலைக்கு ஹிரோஷிமா பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அனுப்பியிருந்தார்கள். ஆகஸ்ட் 6 காலை 8:15 மணிக்கு அவர்கள் கூரையில்லாத இடத்தில், ஆசிரியர்களோடு, வேலையில் நின்றிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் இறந்தார்கள், பலருக்கு 12, 13 வயதுதான். அவர்களுடைய சட்டைகள், பெயர் எழுதிய துணிப்பட்டைகள், தண்ணீர்க் குப்பிகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அவர்களையும் காலையில் யாரோ வரிசையில் நிற்கவைத்து எண்ணியிருப்பார்கள் என்று தோன்றியது. அதற்கு மேல் என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. தனியாகக் கொஞ்ச நேரம் ஆற்றங்கரையில் உட்கார வேண்டும் என்று கேட்டேன். தனியாகப் போக அனுமதி இல்லை, குழுவாகப் போகலாம் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பயணத்தின் அமைப்பில் எனக்கு இன்றைக்கும் ஒப்பாத ஒன்று இது: ஒருவர் அழ வேண்டுமென்றாலும் ஐந்து பேர் சேர்ந்துதான் போக வேண்டும். ஐந்து பேரும் வந்தார்கள். மோதோயாசு ஆற்றின் கரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் பேஸ்பால் ஆடும் பையன் அணுகுண்டில் சிதைந்து அப்படியே நிற்கும் குவிமாடக் கட்டடத்துக்குப் பக்கத்தில் காந்தியின் மார்பளவுச் சிலை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். 2023 மே மாதம் ஜி-7 மாநாட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் திறந்துவைத்தது. அதன் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுக்காமல் விடமாட்டேன் என்றான்.

மாலையில் ஒரு பேச்சு கேட்டோம். குண்டுவீச்சில் பிழைத்தவர்களின் சராசரி வயது 2023-இல் 85-ஐத் தாண்டிவிட்டது. அவர்களுடைய அனுபவத்தை அவர்களிடமே உட்கார்ந்து கேட்டு, மனத்தில் வாங்கி, அவர்களுக்குப் பதிலாகச் சொல்ல அடுத்த தலைமுறைக்காரர்களை நகராட்சி 2012 முதல் பயிற்றுவிக்கிறது. எங்களிடம் பேசியவர் அப்படி ஒருவர். இன்னொருவர் பட்டதைத் தான் பட்டதாகச் சொல்லாமல், "அவர் என்னிடம் இப்படிச் சொன்னார்" என்று ஒவ்வொரு முறையும் எல்லை காத்துப் பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், விடியற்காலையில் எழுந்த களைப்பில் பின்வரிசையில் சிலர் தூங்கி வழிந்தார்கள். தூக்க நேரத்துக்குப் பொறுப்பாளர் என்பதால் எனக்கு அவர்கள் பேரில் குற்றம் சொல்லவும் தோன்றவில்லை.

மறுநாள் மியாஜிமா தீவு. கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரண வாயிலைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நேரிலும் அப்படியேதான் இருக்கிறது. சுமார் 16 மீட்டர் உயரம், அடிக்கால்களை ஆழப் புதைக்காமல் தன் எடையிலேயே நிற்கிறது. மேப்பிள் இலை வடிவில் செய்யும் மோமிஜி மஞ்சூவைச் சுடச்சுடத் தின்றோம். அன்று மாலையே கியோட்டோ.

விடுதி இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒகாசான் கோபித்துக்கொள்வார்.

முதல் பிரச்சினை குளியல். பெரிய பொதுக் குளியலறை, சுடுநீர்த் தொட்டி, வகுப்புக்கு இத்தனை நிமிடம் என்று ஷியோரியில் அட்டவணை. துணி எதுவும் கிடையாது. முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும், கையிலிருக்கும் சிறு துண்டு தண்ணீரில் படக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றி வளர்ந்த எனக்கு இது அணு ஆயுதத்துக்கு அடுத்த பெரிய கவலையாக இருந்தது. மாதவிலக்குக்காரர்களும் வேண்டாம் என்பவர்களும் அறையில் உள்ள சின்னக் குளியலறையைப் பயன்படுத்தலாம், ஹோகென் சென்செய்யிடம் முன்னதாகச் சொன்னால் போதும். எங்கள் குழுப் பெண்களின் சீட்டை வாங்கிக் கொடுப்பதும் என் வேலைதான். முதல் இரவு என் பெயரை எழுதிக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் சீட்டு வாங்கும்போது படம் எடுக்கும் பொறுப்பிலிருந்த பெண், சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி, மெதுவாகச் சொன்னாள்: "உள்ளே போனால் கண்ணாடியைக் கழற்றிவிடுவோம், ஆவி வேறு. யாருக்கும் எதுவும் தெரியாது." போனேன். நிஜமாகவே யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் கவலை நேரம் முடிவதற்குள் தலையைக் காயவைப்பதில்தான்.

விளக்கணைக்கும் நேரம் பத்தரை. தாத்தாமி விரிப்பில் ஃபுத்தோன் மெத்தைகளை ஒட்டி ஒட்டிப் போட்டுத் தலைகள் எல்லாம் நடுவே வருமாறு படுத்தோம். தாழ்வாரத்தில் ஓர் ஆசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியும், அவருக்கும் உள்ளே யாரும் தூங்கவில்லை என்பது தெரியும். தலையணைச் சண்டை சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்புறம் காதல் பேச்சு. பகலில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர்கள் இருட்டில் பொழிந்தார்கள். யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பது எனக்கு முழுக்கப் புரியவில்லை, ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் போர்வைக்குள்ளிருந்து எழும் கீச்சுக் குரலை வைத்தே முக்கியத்துவம் புரிந்தது. என் முறை வந்ததும், இந்தியாவில் அப்பா அம்மாதான் மாப்பிள்ளை பார்ப்பார்களாமே என்று கேட்டார்கள். என் சித்தியைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொன்னேன். கேசரியில் உப்புப் போட்ட கதையை என் ஜப்பானிய மொழியில் சொல்லி முடிக்க நள்ளிரவாகிவிட்டது. மறுநாள் காலை அட்டையில் ஐந்து பேருக்கும் தூக்கம் நாலரை மணி நேரம் என்று நேர்மையாக எழுதினேன். ஹோகென் சென்செய் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கியோட்டோவில் குழுக்களுக்கு டாக்சி ஏற்பாடு செய்திருந்தார்கள். பள்ளிப் பயணங்களுக்கென்றே அங்கே ஒரு டாக்சி மரபு உண்டு, ஓட்டுநரே வழிகாட்டி, அவரே படம் எடுப்பவர், அவரே காவலர். சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏற முடியும் என்பதால் எங்களுக்கு வேன் மாதிரி ஒரு பெரிய வண்டி. எங்கள் ஓட்டுநர் ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் தீவிர ரசிகர். சில நாட்களுக்கு முன்பு, நவம்பர் 5 அன்றுதான், அந்த அணி 38 ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பான் கோப்பையை வென்றிருந்தது. போன முறை வென்றது 1985-இல். "அப்போது எனக்கு உங்கள் வயது" என்றார். கின்காகுஜி போகும் வழியெல்லாம் கோயிலைப் பற்றி ஒரு சொல் இல்லை, கடைசி ஆட்டத்தைப் பந்து பந்தாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பேஸ்பால் பையனுக்குப் பயணத்தின் உச்சமே அதுதான். கோயில் வாசலுக்கு வந்ததும் மனிதர் மாறிவிட்டார். பொன் வேய்ந்த அந்த மண்டபம் 1950-இல் ஓர் இளம் துறவி வைத்த தீயில் எரிந்து 1955-இல் மறுபடி கட்டியது என்பதைச் சொன்னார். எந்தக் கல்லில் நின்றால் குளத்தில் நிழல் முழுதாக விழும் என்று காட்டினார். கூட்டத்தில் எங்களை நுழைத்து, எடுத்து, வெளியே கொண்டுவந்த வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன்.

அங்கிருந்து கித்தானோ தென்மாங்கூ கோயில். சுகவாரா நோ மிச்சிஸானே என்ற அறிஞர்-அமைச்சர் நாடுகடத்தப்பட்டு 903-இல் இறந்தார், பின்னால் கல்விக்குத் தெய்வமாகிவிட்டார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு இது ஒரு முக்கியமான நிறுத்தம். அங்கே படுத்திருக்கும் மாட்டுச் சிலையின் தலையைத் தடவினால் படிப்பு வரும் என்பது நம்பிக்கை. தலைகள் எல்லாம் பளபளவென்று தேய்ந்திருந்தன. அதுவரை எதிலும் பதற்றப்படாத குழுத்தலைவி அங்கே மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தாயத்துகள் இரண்டு வாங்கினாள். ஒன்று யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசி நாள் நாரா. அங்கே வகுப்புக்கு ஒரு பேருந்து, கொடி பிடித்த வழிகாட்டிப் பெண்மணி. தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் முன்னால் நின்று அவர் சொன்னதைக் கேட்டு வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பியது. 752-இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர் என்ற துறவி. தென்னிந்தியர் என்று பதிவுகள் சொல்கின்றன. 736-இல் கடல் வழியாக ஜப்பான் வந்தவர். தூரிகையால் புத்தரின் கண்ணை அவர் எழுதியபோது, தூரிகையில் கட்டிய நீண்ட நூலைக் கீழே கூடியிருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோரும் சேர்ந்து கண் திறந்ததாக. அந்தத் தூரிகையும் நூலும் ஷோசோயின் என்ற பழங்காலக் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன. எங்கள் ஊரிலும் சிலையைச் செதுக்கி முடித்துக் கடைசியில்தான் கண் திறப்பார்கள், அதுவரை அது கல்தான் என்று நான் சொன்னேன். வழிகாட்டி அம்மாள் நின்று, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் ஜப்பானிய மொழியை யாரும் குறித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. கோயில் 1180-இலும் 1567-இலும் போர்த் தீயில் எரிந்திருக்கிறது. புத்தரின் தலையும் பல முறை விழுந்து, உருகி, மறுபடி வார்த்தது. போதிசேனர் எழுதிய கண் இப்போது இல்லை.

வெளியே மான்கள். நாரா பூங்காவில் 1,200-க்கு மேல் திரிகின்றன. அவற்றுக்கென்று விற்கும் பிஸ்கட்டை வாங்கிய நிமிடமே வளைத்துக்கொள்ளும், தலையைக் குனிந்து வணங்குகிற மாதிரி ஆட்டும், தராவிட்டால் பின்னால் வந்து கடிக்கும். பேஸ்பால் பையன் பிஸ்கட்டை உயரத் தூக்கி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு மான் அவன் பின்பக்கப் பையிலிருந்த ஷியோரியை உருவி, அவன் திரும்புவதற்குள் மூன்றாம் நாள் எண்ணங்கள் பக்கத்தைத் தின்று முடித்துவிட்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதில் ஹான்ஷின் கதை முழுவதையும் எழுதிவைத்திருந்தானாம். தாள் தின்றால் மானுக்கு என்ன ஆகும் என்று நான் ஹோகென் சென்செய்யிடம் கேட்டேன். உன் பொறுப்பு நான்காம் குழு மட்டும்தான் என்றார்.

திரும்பிய பிறகும் பயணம் முடியவில்லை. குழுவுக்கு ஒரு சுவர்ச் செய்தித்தாள் கையால் எழுதித் தாழ்வாரத்தில் ஒட்ட வேண்டும். எனக்குப் போதிசேனர் பத்தி. குழுத்தலைவி என் வாக்கியங்களில் பாதியை இரக்கமில்லாமல் அடித்துத் திருத்தினாள். வராத பெண்ணின் வீட்டுக்குத் தாயத்தும் கியோட்டோ இனிப்பான யத்சுஹாஷி ஒரு பெட்டியும் ஒரு ஷியோரியும் போயின. சில நாள் கழித்துக் குழுவின் லைனில், அதாவது நம் வாட்ஸ்அப் மாதிரியான செயலியில், அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நன்றி சொல்லியிருந்தாள், கூடவே, யத்சுஹாஷியில் சாக்லேட் வைத்ததும் உண்டே, அது ஏன் வாங்கவில்லை என்றும் கேட்டிருந்தாள். அதற்குக் குழுவில் அரை மணி நேரம் சண்டை நடந்தது. சாப்பாட்டுப் பொறுப்பாளன் பழைய சுவைதான் மரியாதை என்று கடைசி வரை வாதாடினான்.

டிசம்பரில் கணக்குத் தாள் வந்தது. ரயில், விடுதி, டாக்சி, நுழைவுக் கட்டணம், காப்பீடு என்று ஒற்றை யென் வரை எழுதி, மிச்சம் சில நூறு யென்னை உறையில் போட்டிருந்தார்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒகாசான் முத்திரை குத்திக் கொடுத்தார். அதை ஒப்படைக்க வகுப்பறைக்குப் போனபோது கரும்பலகையில் அடுத்த வேலைக்கான பட்டியல் ஏறியிருந்தது, குளிர்காலத்தில் பள்ளி முழுக்க ஓடும் நெடுந்தூர ஓட்டத்துக்கு. எனக்கு ஓடவே பிடிக்காது, ஏதாவது சாக்குச் சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உடல்நலம் என்ற வரிக்கு நேரே என் பெயர் இருந்தது. குழுத்தலைவி என்னைக் கேட்கக்கூட இல்லை.